‘கட்’ பண்ணலாமா, அண்ணே?

கம்பம் ரோட்டில் ஒரு டீக்கடை. காலை 6 மணி. பக்கத்திலேயே ஒரு லாரிப் பட்டறை.

“அண்ணே, பேசாம அதைக் ‘கட்’ பண்ணி விட்டுருவோம். அப்புறம் தொல்லையே இருக்காது!”

சொன்னவர் பட்டறைத் தம்பி. கேட்டுக்கொண்டு நின்றவர் சின்னமனூர்ப் பக்கம் வாழைத்தார் லோடு ஏற்றும் ஒரு லாரி அண்ணன். சொந்த வண்டி, அதுவும் தவணையில் ஓடுகிற வண்டி.

நடந்தது இதுதான். இரண்டு நாளைக்கு முன், இரவு நேரம். லோயர்கேம்ப் தாண்டிக் குமுளி மலையில் வண்டி ஏறுகிறது. இரைச்சல் பாலத்தைத் தாண்டியதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு. அடுத்த வளைவில் இழுவை போச்சு. ஆக்சிலேட்டரை அமுக்கினால் வண்டி முனகுகிறது, நகர மாட்டேன் என்கிறது. பின்னால் பஸ், ஜீப், கார்... ஒரே ஹாரன் சத்தம்! விடிவதற்குள் கேரளா சேர வேண்டிய தார், மறுநாள் மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தது. பாதி விலைதான் கிடைத்ததாம்.

வயிற்றெரிச்சல் இருக்காதா? இருக்கத்தான் செய்யும்.

“சரி, கட் பண்ணிரு” என்று அண்ணன் தலையாட்டினார்.

எனக்கு டீ இறங்கவில்லை!

எதைக் ‘கட்’ பண்ணுகிறார்கள்?

வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதியிலிருந்து நாட்டில் பாரத் ஸ்டேஜ் 6 வண்டிதான் விற்க வேண்டும் என்று விதி வந்தது. அதற்குமேல் பி.எஸ். 4 வண்டி விற்கவே கூடாது என்று 2018-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. நாலாம் படியிலிருந்து ஒரே தாவு, ஆறாம் படிக்கு! நடுவில் இருந்த ஐந்தாம் படியை விட்டே விட்டார்கள். டீசலில் உள்ள கந்தகமும் பத்து லட்சத்துக்கு 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைந்தது.

அதோடு வண்டிக்குள் புதுச் சாமான்களும் வந்து சேர்ந்தன.

ஒன்று, ஆட்ப்ளூ. நம்ம டிரைவர்கள் பாஷையில் ‘யூரியாத் தண்ணி’. 100-க்கு 32.5 பங்கு சுத்தமான யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். இதற்குத் தனி டாங்கி உண்டு. டீசலில் கலப்பதில்லை, இன்ஜினுக்குள் போவதுமில்லை. சைலன்சருக்குப் போகும் சூடான புகையில் பீய்ச்சி அடிக்கும். சூட்டில் அது அம்மோனியாவாக மாறி, புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடு என்ற விஷ வாயுவைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் ஆக்கிவிடும். 100 லிட்டர் டீசலுக்குச் சுமார் 3 முதல் 5 லிட்டர் பிடிக்கும்.

இரண்டு, புகைக்கரி வடிகட்டி. டி.பி.எப். என்பார்கள். கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு சுமார் 600 டிகிரி சூட்டில் தானே எரித்துவிடும்.

மூன்று, ஈ.ஜி.ஆர். வெளியே போகும் புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பிச் சூட்டைக் குறைக்கும்.

எல்லா வண்டியிலும் எல்லாமும் இருக்காது. கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். ஆனால் ஆட்ப்ளூ உள்ள வண்டியில் அது தீர்ந்தாலோ கெட்டாலோ, கம்ப்யூட்டர் முதலில் விளக்குப் போடும். கேட்காவிட்டால் இன்ஜின் பலத்தைக் குறைத்துவிடும். குமுளி மலையில் நடந்தது அதுதான்.

பட்டறையில் என்ன செய்கிறார்கள்? ஒரு சின்னப் பெட்டியை ஒயரில் மாட்டுகிறார்கள். ‘எல்லாம் ஒழுங்காக நடக்குது’ என்று அந்தப் பெட்டி கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லும். விளக்கு அணையும். இழுவை வரும். ஆட்ப்ளூ ஒரு சொட்டுக்கூடச் செலவாகாது. புகை அப்படியே வெளியே வரும்!

அமெரிக்காவிலும் இதே கதை!

இந்த ‘கட்’ பண்ணும் ஆசை நம்ம ஊர்க்காரருக்கு மட்டும் வந்ததல்ல.

1981-ல் அமெரிக்காவில் கேடிலாக் கம்பெனி எட்டு சிலிண்டர் கார் ஒன்றை விட்டது. பாரம் குறைவாக இருக்கும்போது இரண்டு சிலிண்டரோ நாலு சிலிண்டரோ சும்மா இருக்கும். பெட்ரோல் மிச்சம். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரின் வேகம் போதவில்லை. வண்டி குலுக்கியது, இடறியது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஒரே ஒரு ஒயரைக் கழற்றி விட்டார்கள். எட்டு சிலிண்டரும் எப்போதும் ஓடின! பெரும்பாலான மாடல்களில் அந்த ஏற்பாடு ஒரே வருஷத்தோடு போய்விட்டது.

இருபத்தைந்து வருஷம் கழித்து அதே யோசனை பெரிய பிக்கப் வண்டிகளில் திரும்பி வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் சிலவற்றில், சிலிண்டரை ஓய்வெடுக்க வைக்கும் வால்வு லிப்டர்கள் கெட்டுப்போகின்றன என்று புகார் கிளம்பியது. உடனே அதை வேலை செய்யாமல் நிறுத்தும் சின்னக் கருவியை ஜனங்கள் தாமாக வாங்கி மாட்டினார்கள். 2021-ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது கம்பெனியே சில பிக்கப்களில் அந்த ஏற்பாடு இல்லாமல் விற்றது. நஷ்டம் எவ்வளவு? ஒரு காலனுக்குச் சுமார் ஒரு மைல்!

நம்ம நாட்டிலும் இது இல்லாமல் இல்லை. 2021 முதல் இங்கே விற்கும் சில போக்ஸ்வாகன், ஸ்கோடா எஸ்.யூ.வி.களின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில், லேசாக ஓட்டும்போது நாலு சிலிண்டரில் இரண்டு ஓய்வெடுக்கும். திண்டுக்கல் ரோட்டில் நிதானமாகப் போனால் ஓய்வு. போடிமெட்டு ஏறினால் நாலும் வேலைக்கு வந்துவிடும்.

இதை நிறுத்தி வைக்கலாமா என்று என்னைக் கேட்டால், வாரண்டி போகும், பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். அதற்குமேல் சண்டைக்கு வர மாட்டேன். ஏனென்றால் போவது பெரும்பாலும் உங்கள் பெட்ரோல், உங்கள் காசு.

ஆட்ப்ளூ அப்படியா? அங்கேதான் விஷயம் இருக்கிறது!

உன் பையா, என் மூச்சா?

சிலிண்டரை ஓய்வெடுக்க வைப்பது முதலில் முதலாளி பைக்கு லாபம். ஆட்ப்ளூவும் வடிகட்டியும் ரோட்டில் நிற்கிறவன் மூச்சுக்குக் காவல். முதலாவதை எடுத்தால் உனக்கு நஷ்டம். இரண்டாவதை எடுத்தால் எனக்கு நஷ்டம். இந்த வித்தியாசத்தைப் பட்டறையில் யாரும் சொல்வதில்லை. எல்லாமே அவர்களுக்கு ‘தொல்லை பிடிச்ச சாமான்’தான்!

ரோட்டில் நிற்கிறவர் யார்? தேனி பழைய பஸ் நிலையத்தில் பூ விற்கும் அம்மா. சிக்னலில் நிற்கும் போலீஸ்காரர். உத்தமபாளையத்தில் ரோட்டோரக் கடைக்காரர். விடியக் காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள். முன்னால் ஒரு லாரி முனகிக்கொண்டு ஏறினால், அந்தப் புகை முழுவதும் அவர்கள் மூஞ்சிக்குத்தான்.

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். திராட்சை விவசாயிகள் காதில் போட்டுக்கொள்ளட்டும். நைட்ரஜன் ஆக்சைடு வெயிலில் மற்ற வாயுக்களோடு சேர்ந்தால் ஓசோன் உண்டாகும். உயரே வானத்தில் இருந்தால் நல்ல ஓசோன், தரையில் இருந்தால் விஷம். அமெரிக்காவில் கலிபோர்னியாத் திராட்சைத் தோட்டங்களில், ஓசோன் பட்டு இலையில் புள்ளி விழுவதை 1950-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இங்கே அப்படி ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டு பக்கமும் மலை, நடுவில் பள்ளத்தாக்கு, நடு ரோட்டில் லாரி. யோசித்துப் பாருங்கள்!

கம்பெனியே செய்த மோசடி

“பெரிய கம்பெனிக்காரன் மட்டும் யோக்கியமா?” என்று கேட்பீர்கள்.

இல்லைதான்! 2015-ல் உலகமே சிரித்ததே, மறந்துவிட்டதா? சோதனைச் சாலையில் வண்டி நின்றால் புகையைக் குறை, ரோட்டில் ஓடினால் விட்டுவிடு என்று கம்ப்யூட்டரிலேயே எழுதி வைத்து மாட்டிக்கொண்டது போக்ஸ்வாகன். உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் வண்டிகள். நம்ம நாட்டில் மட்டும் 3 லட்சத்துக்கு மேல் திரும்ப அழைக்கப்பட்டன. 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பிறகு கம்பெனி உச்ச நீதிமன்றம் போய், அந்த உத்தரவுக்குத் தடை வாங்கியது.

அன்றைக்கு அதைப் பார்த்துக் காறித் துப்பினோம். ‘பணக்காரன் ஏமாத்துறான்’ என்றோம். இன்றைக்குப் பட்டறையில் மாட்டுகிற சின்னப் பெட்டி செய்வதும் அதே வேலைதானே? அங்கே கோட்டுப் போட்டவன் செய்தான். இங்கே பனியனில் கிரீஸ் பட்ட தம்பி செய்கிறான். மூச்சு வாங்குகிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

சர்டிபிகேட் இருக்கு, ஆனா...

“புகைச் சோதனையில் பாஸ் ஆகுதே!” என்கிறார்கள்.

பாஸ் ஆகும்! ஏன் தெரியுமா? வழக்கமான புகைச் சோதனையில் டீசல் வண்டிக்குப் பார்ப்பது புகையின் கருமையை. வண்டியை நிறுத்தி வைத்து, ஆக்சிலேட்டரை அமுக்கி, குழாயைச் செருகி, எவ்வளவு கறுப்பு என்று அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அங்கே அளப்பதில்லை. அது கறுப்பாகவும் வராது, கண்ணுக்குத் தெரியாது. ஆட்ப்ளூவைக் ‘கட்’ பண்ணின லாரியும் கையில் சர்டிபிகேட்டோடு ஜம்மென்று போகலாம்.

சட்டத்தில் இடம் உண்டா? இல்லவே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ளபடி இல்லாமல் வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவு இன்னும் கடுமை. அனுமதியில்லாமல் சாமான் மாட்டி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். புகை விதியை மீறினால் 190-வது பிரிவில் 3 மாதம் வரை ஜெயில், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று தனியாக இருக்கிறது.

கவனியுங்கள், மாட்டிக்கொள்வது உரிமையாளர்! பெட்டியை விற்றவன் அப்போது எங்கே இருப்பானோ!

அண்ணன் கேட்பதும் நியாயம்தான்

இதுவரை லாரிக்காரரைத் திட்டியது போதும். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

அந்தப் பட்டறைத் தம்பியிடமே கேட்டேன்.

“ஏன் தம்பி, அதைக் கழற்றிச் சுத்தம் பண்ணக் கூடாதா?”

“பண்ணலாம் சார். பீய்ச்சுற நாசில்ல யூரியா உப்பா உறைஞ்சிருக்கும். வெந்நீர்ல கழுவினா கரைஞ்சிரும். அரை நாள் வேலை. ஆனா கம்ப்யூட்டர்ல இருக்குற கோளாறு நம்பரை அழிக்கணும்ல? அதுக்குள்ள மெஷின் எங்ககிட்ட இல்ல. கம்பெனி சர்வீஸ்லதான் இருக்கு. கம்பத்துல இருந்து மதுரைக்கு வண்டியைக் கொண்டு போகச் சொல்றாங்க. போக ஒரு நாள், அங்க கிடக்க ரெண்டு நாள். யார் சார் தவணை கட்டுறது?”

என்ன பதில் சொல்ல? கம்பத்திலிருந்து மதுரை 100 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் சோறு நின்றது. கழுவினால் சரியாகிற கோளாறுக்கு மூன்று நாள் காத்திரு என்றால், எவனும் ஒயரைத்தான் வெட்டுவான்!

வண்டி விற்கும்போது வீடு தேடி வந்து விற்கிறார்கள். மாலை போட்டு, சாவி கொடுத்து, போட்டோ எடுக்கிறார்கள். விளக்கு எரிந்தால் மட்டும் ‘மதுரைக்கு வா’! இது எந்த ஊர் நியாயம்?

வயலுக்குப் போகிற யூரியா

இன்னொரு கூத்தும் நடக்கிறது. ‘ஆட்ப்ளூன்னா யூரியாதானே’ என்று வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. கேன் விலை மலிவாக இருக்கிறதே என்று கண்டதை வாங்கி ஊற்றுகிறவர்களும் உண்டு. கோளாறு பாதி இதிலிருந்துதான் ஆரம்பம்!

நம்ம நாட்டு விவசாய யூரியாவுக்கு 2015 முதல் வேப்பெண்ணெய் பூசுகிறார்கள். அந்தப் பூச்சும் அழுக்கும் உள்ளே போனால் நாசில் அடைக்கும், பம்பு போகும், வினையூக்கி கெடும். மிச்சம் பிடித்தது நூறு, செலவு ஆயிரக் கணக்கில்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த மூட்டை யாருடையது? 45 கிலோ மூட்டை 242 ரூபாய் என்று அரசு மானியம் கொடுத்து விற்பது விவசாயிக்கு. லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாறு பாயும் 14,707 ஏக்கர் இருபோக நிலம் நம்ம பள்ளத்தாக்கில் இருக்கிறது. நடவு முடிந்து, மேலுரம் கிடைக்காமல் கடை கடையாக அலைகிற சம்சாரிக்குச் சேர வேண்டியதை லாரி டாங்கியில் ஊற்றலாமா?

அப்போ என்னதான் வழி?

வண்டிக்காரர்களுக்கு முதலில்.

ஆட்ப்ளூவை மூடி உடையாத கேனில், தர முத்திரை பார்த்து, பில்லோடு வாங்குங்கள். வெயிலில் வைக்காதீர்கள். தண்ணீர் கலக்காதீர்கள். டீசல் ஊற்றின புனலில் இதை ஊற்றாதீர்கள். மலை ஏறுவதற்கு முன்னால், கம்பத்திலோ கூடலூரிலோ நிறுத்தி அளவு பாருங்கள்.

வடிகட்டி விளக்கு எரிந்தால் பயப்படாதீர்கள். மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும் என்று கொஞ்ச தூரமே ஓடும் பிக்கப்புக்கு அந்தச் சூடு ஏறாது, கரி எரியாது. வண்டியோடு தந்த புத்தகத்தில் சொன்னபடி, பைபாசில் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட்டினால் பெரும்பாலும் தானே எரிந்துவிடும். புத்தகத்தில் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள்.

அடுத்து, கம்பெனிக்காரர்களுக்கு.

கோளாறு நம்பர் பார்க்கும் மெஷினை ஊர்ப் பட்டறைக்கும் நியாய விலைக்குக் கொடுங்கள். அழிக்கும் முறையைச் சொல்லிக் கொடுங்கள். ஐயப்பன் சீசனில் இந்த ரோட்டில் எத்தனை வண்டி ஏறுகிறது என்று தெரியாதா? கம்பத்தில் ஒரு நடமாடும் சர்வீஸ் வண்டியை நிறுத்தினால் குடியா முழுகிவிடும்?

2022 ஜூலையில் மத்திய அரசு ‘பழுது பார்க்கும் உரிமை’ என்று ஒரு கமிட்டி போட்டது. அந்த டிசம்பரில் அதற்கென்று இணையத் தளமும் திறந்தது. செல்போன், விவசாயக் கருவியோடு மோட்டார் வாகனமும் அந்தப் பட்டியலில் உண்டு. பட்டியலில் இருந்தால் போதுமா? கம்பம் பட்டறைக்கு வந்து சேர வேண்டாமா?

கடைசியாக, அதிகாரிகளுக்கு.

எப்.சி.க்கு வரும் வண்டியில் லைட், ஹாரன், பிரேக்கோடு ஆட்ப்ளூவும் வேலை செய்கிறதா என்று மெஷின் போட்டுப் பாருங்கள். பொய்ப் பெட்டி விற்கிறவனைப் பிடியுங்கள். நம்ம மாவட்டத்து ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். நாளைக்கு ஸ்பானர் பிடிக்கப்போவது அவர்கள்தான்.

அந்த அண்ணன் என்ன செய்தார்?

தயங்கினார். டீயைக் குடித்தார். “சரி தம்பி, மொதல்ல கழுவிப் பாரு” என்றார்.

தம்பி கழற்றினான். நாசில் வாயில் வெள்ளை வெள்ளையாக உப்பு. வெந்நீரில் கரைந்தது. பழைய தண்ணியை வடித்துவிட்டு, புதுக் கேன் வாங்கி ஊற்றினார்கள். தேனியில் மெஷின் வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவரைப் போன் போட்டு வரவழைத்தார்கள். சாயங்காலம் விளக்கு அணைந்தது. ஒயரை யாரும் வெட்டவில்லை.

அந்த மெஷின் கம்பத்திலேயே இருந்திருந்தால் மத்தியானமே லோடு ஏறியிருக்கும்.

லாரி அண்ணன்மாரே, பட்டறைத் தம்பிமாரே! உங்கள் கோபம் நியாயமான கோபம். அதை ஒயரில் காட்டாதீர்கள், கம்பெனிக்காரனிடம் காட்டுங்கள். சங்கம் சேர்ந்து கேளுங்கள், மனு கொடுங்கள், வண்டி விற்க வருகிறவனிடம் முதல் கேள்வியாக ‘கம்பத்துல சர்வீஸ் எங்க?’ என்று கேளுங்கள்.

கட்டிங் பிளேயரைக் கீழே வையுங்கள். மெஷினைக் கேட்டு வாங்குங்கள்!